தமிழில் பேசாதே என்று தமிழில் சொல்லச் சொன்னார்கள்

1

திருவனந்தபுரம் எல்லாம் ஒரு வெளிநாடா என்று கேட்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. துபாய்க்காரர் எழுதலாம், சிங்கப்பூர்க்காரர் எழுதலாம், காலையில் கோவில்பட்டியில் ரயில் ஏறினால் சாயங்காலக் காப்பிக்கு வீடு போய்ச் சேருகிறவளுக்கு என்ன பெரிய புலம்பெயர்தல் என்பார்கள். உண்மைதான். எல்லையில் யாரும் என்னிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை. வந்து இறங்கிய பிறகு மற்ற எல்லாவற்றையும் கேட்டார்கள். கடைசியில், நான் என் மகளிடம் பேசுகிற தமிழையும் விட்டுவிடச் சொன்னார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் ஆறிய பிறகு எழுதேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். ஆறிவிட்டால் நான் எழுதவே மாட்டேன்.

என் பெயர் மாரிச்செல்வி. கல்யாணமாகி வந்ததிலிருந்து வலியசாலையில், அக்ரகாரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் கருப்பசாமிக்குப் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கத்தில் தேங்காய்க் கடை. மூத்தவள் மீனா நாலாம் வகுப்பு படிக்கிறாள், மலையாளப் பள்ளியில். இளையவள் செண்பகா. எங்கள் ஊர் செண்பகவல்லி அம்மன் பெயர். மூன்று வயது முடிந்துவிட்டது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து காதுக்குள்ளே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், அதன் நுனியில் தலையோடு ஒட்டிக்கொள்கிற சின்ன வட்டம். அவ்வளவும் மாட்டினால்தான் அவளுக்குச் சத்தம் கேட்கும்.

ஆபரேஷன் காயம் ஆறிய பிறகு ஒரு நாள் அந்த மெஷினை முதன்முதலாக இயக்குவார்கள். பிள்ளைக்குக் காது பிறந்த நாள் அதுதான் என்று சொல்லி, வருஷா வருஷம் அந்த நாளில் தெரபி சென்டரில் கேக் வெட்டுவார்கள். செண்பகாவின் காதுக்குப் போன வாரம் ஒரு வயது முடிந்தது. மீனாவுக்குப் பள்ளி, இவருக்குக் கடை. நானும் செண்பகாவும் மட்டும் போனோம். கேக்கில் அவள் பெயரை மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். எங்களுக்குத் தெரபி கொடுக்கிற ஷீபா டீச்சர் ஊட்டிவிட்டார். அவர் என்னைவிடச் சின்னவர். நல்ல மாதிரிதான், பிள்ளைகளிடம் அதட்டிக்கூடப் பேச மாட்டார். அதனால்தான் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை.

கேக் தின்று முடித்ததும் டீச்சர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். அங்கே புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்குமோ இருக்காதோ. மடியில் ஓர் ஆண்குழந்தை, இரண்டு காதிலும் புது மெஷின். ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்ச நாள் மாட்டிப் பார்க்கிற சாதாரண மெஷின் அது.

"செல்வி, ஒரு உபகாரம் செய்யணம்" என்றார் டீச்சர். "ஈ அம்மைக்கு மலையாளம் ஒட்டும் அறியில்ல. இனி வீட்டில் குஞ்ஞினோடு தமிழ் வேண்டா, மலையாளம் மாத்ரம் மதி. அதொந்நு தமிழில் பறஞ்ஞு மனசிலாக்கிக் கொடுக்கணே."

புரிகிறதா உங்களுக்கு? மலையாளத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத தாயிடம், உன் பிள்ளையோடு இனிமேல் மலையாளத்தில் மட்டும் பேசு, தமிழில் பேசாதே என்று சொல்ல வேண்டும். அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அதுவும் நான் சொல்ல வேண்டும்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஏன் ஏறியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2

எங்கள் பக்கத்தில் பிரசவம் என்றால் தாய்வீடுதான். மீனாவும் கோவில்பட்டியில் பிறந்தாள், செண்பகாவும் அங்கேதான். பிறந்த மறுநாள் ஒரு நர்ஸ் வந்து பிள்ளையின் காதில் ஏதோ செருகிப் பார்த்தார். "ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்கம்மா, இன்னொரு தடவை பாக்கணும். சில பிள்ளைகளுக்குக் காதுல அழுக்கு இருந்தாலும் இப்பிடித்தான் காட்டும்" என்றார். அவ்வளவுதான். ஏன் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கிடையாது. அழுக்குத்தானே என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து நான் கிளம்பியபோது என் மாமா எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து பிள்ளைக்கு முன்னால் தட்டினார். பிள்ளை திரும்பிப் பார்த்தது. முகத்துக்கு நேரே தட்டு மின்னினால் எந்தப் பிள்ளைதான் பார்க்காது? "நல்லாத்தானே கேக்குது, பச்சப்பிள்ளைய எதுக்கு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைக்கழிக்க?" என்று ஆளாளுக்குச் சொல்லித் தடுத்தார்கள். நாக்கில் வசம்பு உரசி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஏன் வரவில்லை என்று ஒரு போன் இல்லை. கேரளாவுக்குப் போய்விட்ட பிள்ளை, இனி அந்த ஊர்க்காரன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டார்கள் போல. இங்கே கேட்டால், பிறந்த ஊரில் பார்த்திருப்பார்களே என்றார்கள்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் கல்லில் எறிந்து உடைப்பார்கள். காரியம் கைகூடியவர்கள் நூற்றெட்டுத் தேங்காய்கூட உடைப்பதுண்டு. எங்கள் கடைக்குள் பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கடையின் பின்பக்கம் சேலைத் தொட்டில் கட்டி செண்பகாவைப் போட்டிருப்பேன். எத்தனை தேங்காய் உடைந்தாலும் அவள் பாட்டுக்குத் தூங்குவாள். வந்து போகிறவர்கள் எல்லாம் "எந்தொரு நல்ல குட்டி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எனக்கும் பெருமை, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் நூற்றெட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரரின் கைக்குழந்தை வீல் வீலென்று அலறியது. இவர் அந்தக் குழந்தையைப் பார்த்தார், பிறகு தொட்டிலைப் பார்த்தார். இரண்டு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போய், செண்பகாவின் தலைக்குப் பின்னால் நின்று ஓங்கித் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். கடையை அடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் மத்தியானத்தில் கடை அடைத்து நான் பார்த்ததில்லை.

3

காது கேட்காது என்று சொல்ல டாக்டர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. அதற்கு அடுத்தது செய்யத்தான் ஆனது. அரசாங்கச் செலவில் ஆபரேஷன் உண்டு என்றார்கள். இங்குள்ள ஓர் அலுவலகத்தில் எங்கள் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, "நிங்ஙள் தமிழ்நாட்டுகாரல்லே?" என்றார்கள். அங்கே போய்க் கேட்டால், "நீங்க இப்ப கேரளாவுல இருக்கீங்க, எங்க லிஸ்ட்ல எப்படி வருவீங்க?" என்றார்கள். இரண்டு பக்கமும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். கார்டை இங்கே மாற்றிக்கொண்டு வா என்பதற்குள், வாடகை வீட்டுக்காரர் கையெழுத்து, வார்டு மெம்பர் கையெழுத்து, கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. பிள்ளையோ வளர்ந்துகொண்டே இருக்கிறாள்.

இதில் கொடுமை என்னவென்றால், சின்ன வயதுதான் முக்கியம், ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று எல்லாச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். காத்திருக்க வைத்த அலுவலகத்தின் சுவரிலும் அதே போஸ்டர். அதற்குக் கீழே இருந்த பெஞ்சில்தான் நானும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் கைஜாடை தானாகவே வந்துவிட்டது. பால் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோவாள். அப்பா என்றால் மீசையைத் தடவிக் காட்டுவாள். மீனா அவளுக்காகப் பத்து இருபது ஜாடை உண்டாக்கி வைத்திருந்தாள். இரண்டும் மணிக்கணக்கில் விளையாடும். சென்டரில் இதைப் பார்த்துவிட்டு, கை காட்டிப் பழக்காதீர்கள், பிறகு பிள்ளை பேசச் சோம்பல்படும் என்றார்கள். அங்கே யாரிடம் போய்க் கேட்பது, ஆபரேஷன் ஆகும் வரை அவள் எதை வைத்து அம்மாவைக் கூப்பிடுவாள் என்று? நாங்கள் சொல்பேச்சுக் கேட்கிற ஆட்கள். கையைக் கட்டிக்கொண்டோம். பிள்ளை மீசையைத் தடவிக் காட்டும், இவர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் உதட்டைப் பிதுக்கி அழுவாள்.

4

ஒருவழியாக ஆபரேஷன் நடந்தது, மெஷினும் ஓடியது. முதல் சத்தத்துக்குச் செண்பகா பயந்து அழுதாள், நாங்களும் அழுதோம். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த உத்தரவு.

"வீட்டில் ஏதா பாஷ?" என்று கேட்டார்கள். தமிழ் என்றேன். அது சரிப்படாது என்றார்கள். பிள்ளைக்கு இரண்டு மொழி போட்டால் குழம்பிப்போகும், ஒன்றுதான் வேண்டும். இங்கே தெரபி மலையாளம், நாளைக்குப் பள்ளிக்கூடம் மலையாளம், எனவே வீட்டிலும் மலையாளம். தெரபி என்பது வாரத்தில் கொஞ்ச நேரம்தான், மற்ற நேரம் முழுக்க அம்மாதான் டீச்சர், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை செய்கிற ஒவ்வொரு வேலையையும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். அது நல்ல யோசனை, நான் மறுக்கவில்லை. வாய் ஓயாமல் பேசத்தானே, அதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்த வாயால்?

என் மலையாளம் பஸ்ஸுக்கும் மீன்காரிக்கும் போதும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, அட என் கண்ணே, முதுகைக் காட்டு, அழுக்கு மூட்டை, சோப்பு கண்ணுல பட்டிருச்சா, இதோ ஊதிவிடுறேன், அழாதே என் செல்லமில்ல என்று எனக்குத் தமிழில் அருவியாகக் கொட்டும். மலையாளத்தில் "வெள்ளம் ஒழிக்காம்", தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு நிற்பேன். அடுத்து என்ன? கொஞ்சத் தெரியாது, திட்டத் தெரியாது. பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பள்ளி விட்டு வந்த மீனா கதவருகில் நின்று, "அம்மே, அங்ஙனெயல்ல பறயேண்டது", அப்படிச் சொல்லக் கூடாது என்று திருத்துவாள். நாலாம் வகுப்புப் பிள்ளை! அவளைத்தான் சென்டரில் பாராட்டினார்கள். சேச்சி, அதாவது அக்கா, நன்றாகப் பேசுகிறாள், சேச்சியையே பேசவிடுங்கள் என்றார்கள். மீனா விளையாடப் போவது நின்றுவிட்டது. ஏற்கெனவே அவள் எங்களிடம் பாதி மலையாளத்தில்தான் பதில் சொல்வாள். இப்போது முழுக்க அதுதான். "நிங்ஙளு ரெண்டு பேரும் மிண்டாதிரி, ஞான் பறஞ்ஞு கொடுக்காம்" என்றாள் ஒரு நாள். நீங்கள் இரண்டு பேரும் சும்மா இருங்கள், நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எங்களை வாய் மூடச் சொல்கிறாள், நாங்களும் மூடிக்கொள்கிறோம்.

இவருடைய மலையாளம் என்னுடையதைவிடச் சரளம். ஆனால் அவ்வளவும் கடை மலையாளம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "மோளே, எந்தா வேண்டே? எத்ர எண்ணம்? வேறெந்தெங்கிலும்?" என்பார். எத்தனை வேண்டும், வேறு ஏதாவது வேண்டுமா! பெற்ற மகள் என்ன தேங்காய் வாங்கவா வந்திருக்கிறாள்? நான் சிரிப்பேன். அவருக்குக் கோபம் வரும். "எனக்குத் தெரிஞ்சது இதுதான், நான் வேற எங்க போய்ப் படிக்க?" என்பார்.

வீட்டில் மலையாளம் பற்றவில்லையே என்று, செண்பகாவை நாள்தோறும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னதும் சென்டர்தான். நாலு பேர் பேசுவது காதில் விழட்டும் என்றார்கள். போனோம். அங்கே நாள் முழுக்க ஜனங்கள் வந்து நின்று இவரைக் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் தமிழ்க் கடைக்காரர் என்றால் யாராக இருந்தாலும் அண்ணாச்சிதான். அண்ணாச்சி, ரெண்டு தேங்ஙா. அண்ணாச்சி, கற்பூரம் உண்டோ. அண்ணாச்சி, வேகம் தா.

ஒரு சாயங்காலம் நான் கடைக்குள் பூ கட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் இல்லை. செண்பகா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, இவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்து, தெளிவாகக் கூப்பிட்டாள்.

"ணாச்சி."

அவள் தன் அப்பனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. பக்கத்துக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார், அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார், அதற்குள் வந்த ஆளுக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் சாக்கு எடுக்கப் போகிற மாதிரிப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். நான் போய்ப் பார்த்தபோது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "செல்வி, ஊரெல்லாம் என்னை அண்ணாச்சிங்குது, போகட்டும். இவளுமா?" என்றார்.

அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்ததும் நான் செண்பகாவை மடியில் போட்டுக்கொண்டேன். "அடியே, இது யாரு? அப்பா. உங்கப்பா. கோவில்பட்டி கருப்பசாமி. உனக்கு நான் அம்மா, கேட்டியா?" என்று ஆரம்பித்தேன். சாப்பாட்டு வேளை தாண்டியும் என் வாய் நிற்கவில்லை. மீனா புத்தகத்தை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் இழுத்து வைத்துக்கொண்டேன். இனிமேல் நீ அக்கா மட்டும்தான், டீச்சர் வேலை எல்லாம் வேண்டாம், போய் விளையாடு என்று சொன்னேன்.

5

இப்போது எங்கள் காலை இப்படித்தான். எழுந்து பல் தேய்த்ததும் செண்பகாவுக்கு மெஷினை மாட்டி, சார்ஜ் பார்த்து, எதிரே உட்கார வைப்பேன். உதடு தெரியாதபடி ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டதும் அவள் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துக் குச்சியில் போட வேண்டும். உதட்டைப் பார்த்து ஏமாற்றாமல் நிஜமாகவே கேட்கிறதா, மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள இதுதான் வழி. சென்டரிலும் எல்லாச் சோதனைக்கும் வாயை மறைத்துக்கொள்வார்கள்.

தமிழுக்குத் திரும்பிய பிறகு அவளிடம் வார்த்தைகள் வந்த வேகத்தை நான் எப்படிச் சொல்ல! பூனை, நாய், தண்ணி, மீனா வா, அப்பா எங்க. போன மாதம் அக்காவிடம் பொம்மையைப் பறிகொடுத்துவிட்டு, "குடு, என்து குடு, போ" என்று கத்தினாள். சண்டை போட்டாள் ஐயா என் மகள்! நான் விலக்கிவிடாமல் நின்று வேடிக்கை பார்த்தேன். அவளுக்கு மலையாளமும் புரிகிறது. தெருவில் கேட்கிறாள், அக்கா தோழிகளிடம் கேட்கிறாள். குழம்பிப்போகவில்லை.

ஆனால் சென்டரில் இதற்கெல்லாம் மதிப்பு இல்லை. ஷீபா டீச்சர் பூனைப் படத்தைக் காட்டுவார். செண்பகா "பூனை" என்பாள். டீச்சர் காத்திருப்பார். "பூச்ச" என்று வந்தால்தான் கணக்கு. தண்ணீர்ப் படத்துக்குத் "தண்ணி" என்றால் எதுவும் குறிக்காமல் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். காதே கேட்காமல் பிறந்த பிள்ளை படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறது, அதற்கு வட்டமாக ஒரு பூஜ்யம். அடுத்த மாதம் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள். மலையாளச் சொற்களை வைத்துத்தான் எடுப்பார்களாம், மதிப்பெண் போடப்போவது ஷீபா டீச்சர். அந்த வகுப்பை விட்டால் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேறு இடம் இல்லை. நான் வீட்டில் தமிழ் பேசுவது அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். நானும் சொல்லாமல் இருந்தேன்.

ஊரிலிருந்து போன் வரும். பேசாமல் இங்கேயே வந்துவிடேன் என்பார்கள். வந்து? தேங்காய்க் கடையைத் தலையில் தூக்கிக்கொண்டா வருவது? நம் ஊரில் வாரந்தோறும் தெரபிக்கு எங்கே போவேன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். சும்மா இலவசமாகக் கிடைக்கிற புத்தியை எத்தனை பேர் எத்தனை வருஷமாகத் தருகிறீர்கள்!

6

இவ்வளவும் மனசுக்குள் ஓட, நான் அந்த உள்ளறையில் நின்றேன். கேக் பிசுக்கு ஒட்டிய கையோடு செண்பகா என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பறஞ்ஞு கொடுக்கு, செல்வி" என்றார் டீச்சர்.

"ஞான் பறயில்ல டீச்சரே" என்றேன். சொல்ல மாட்டேன் என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை மலையாளத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு மொழி போதும் என்றால் சரி, அந்த ஒன்று தாய்க்குத் தெரிந்த மொழியாக இருக்கட்டுமே. அதை ஏன் நீங்கள் முடிவு செய்கிறீர்கள்? டீச்சரும் விடவில்லை. இந்தக் குழந்தை நாளைக்கு எந்தப் பள்ளிக்குப் போகும், இங்கே தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் இருக்கிறாரா, தமிழில் பேசினால் பிள்ளை முன்னேறுகிறதா இல்லையா என்று நான் எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"தமிழ் அறியுந்நவரெ வைக்கு டீச்சரே. தெரபிஸ்டினெ மாற்றாம். அம்மயெ மாற்றான் பற்றுமோ?" என்றேன். தமிழ் தெரிந்தவரை வேலைக்கு வையுங்கள், தெரபிஸ்டை மாற்றலாம், அம்மாவை மாற்ற முடியுமா?

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "செல்வி, அடுத்த மாசம் செண்பகயுடெ டெஸ்ட் உண்டு, ஓர்ம உண்டல்லோ" என்றார், ஞாபகம் இருக்கிறதல்லவா என்று. மிரட்டினாரா, கவலைப்பட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "ஓர்ம உண்டு" என்றேன். "அவள் பூனை எந்நு பறயும். நிங்ஙள் பூஜ்யம் இட்டோ." பூனை என்றுதான் சொல்வாள், பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள்!

அப்போதுதான் அந்தப் பெண் என் முழங்கையைத் தொட்டாள். இத்தனை நேரம் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"என்னக்கா, டீச்சர் இம்புட்டுக் கோவமாப் பேசுதாக? பிள்ளைக்கு ரொம்ப மோசமாக்கா? இனி கேக்கவே கேக்காதா?"

கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பெயர் இசக்கியம்மாளாம், சங்கரன்கோவில் பக்கம். புருஷனுக்குக் கழக்கூட்டத்தில் கட்டட வேலை. குழந்தை பெயர் முத்து.

"அவனுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "நாங்க சண்டை போட்டது வேற சங்கதிக்கு. மெஷின்தான் மாட்டியாச்சே, இனி அவன் காதுல பேச்சு விழணும். குளிப்பாட்டையில, சோறு ஊட்டையில, எந்நேரமும் நீ பேசிக்கிட்டே இருக்கணும். நீ வீட்டுல என்ன பேசுத அவன்கிட்ட?"

அவள் டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் பேசுறதில்லக்கா."

"ஏன்?"

"மெஷின் மாட்டுன அன்னைக்கு டீச்சர் அட்டைய எடுத்து வாயை மூடிக்கிட்டு, என்னையும் அதே மாதிரி மூடச் சொல்லிக் கையால காட்டுனாக. காலையில காலையில செய்யணும்னு காட்டுனாக. பிள்ளை முன்னால வாயத் தெறக்கக் கூடாது போலன்னு நெனச்சேன். அன்னைலருந்து பேசல. எங்க வீட்டுல அவுகளையும் பேச விடல. சைகை காமிச்சாலும் தப்புன்னு தலைய ஆட்டுனாக, அதுவும் இல்ல. எம்பிள்ளைக்குக் காது வந்தாப் போதும்னு இருக்கோம்க்கா."

காலைச் சோதனைக்காக அட்டையால் வாயை மறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதைப் பேசாதே என்று எடுத்துக்கொண்டாள். தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல இந்தச் சென்டரில் ஓர் ஆள் இல்லாததால், காதில் புது மெஷின் மாட்டிய பிள்ளை, மாட்டிய நாளிலிருந்து ஒரு பேச்சுச் சத்தம் இல்லாத வீட்டில் கிடந்திருக்கிறது. வாயில்லாத ஜீவன்கள் மாதிரி ஒரே அறைக்குள் மூன்று பேர், பிள்ளைக்கு நல்லது என்று நம்பிக்கொண்டு.

நான் திரும்பி, அவள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை மலையாளத்தில் டீச்சரிடம் சொன்னேன். தமிழிலிருந்து மலையாளத்துக்கு எனக்கு அன்று ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. டீச்சர் "அய்யோ" என்றார். பக்கத்தில் இருந்த, பிள்ளைகள் உட்காருகிற சின்ன நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, ஞான் அங்ஙனெ அல்ல பறஞ்ஞது" என்றார், நான் அப்படிச் சொல்லவில்லை என்று.

"அப்ப நான் பேசலாமாக்கா?" என்றாள் இசக்கி.

பெற்ற பிள்ளையோடு பேசலாமா என்று ஒரு தாய் முன்பின் தெரியாத என்னிடம் உத்தரவு கேட்கிறாள். "பேசு தாயி" என்றேன். "உனக்கு என்ன வருதோ அதைப் பேசு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் பிள்ளையைத் தன் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏல முத்து" என்றாள். "அம்மாடா. அம்மா பேசுதேன். பசிக்கா? காலையில ஒண்ணுமே திங்கலயே நீ. பஸ்ஸுல கூட்டம், ஒன்ன நசுக்கிட்டாங்க, நானும் ஒண்ணும் சொல்லாம வந்தேன். உங்கப்பன் வாரேன்னு சொன்னாரு, கான்ட்ராக்டர் விடல. வரட்டும், ரெண்டு பேருமாக் கேப்போம். என்ன பாக்க? அம்மா சத்தம் இப்பிடித்தாம்ல இருக்கும்…"

பிள்ளை அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் அடுத்த பிள்ளையின் அம்மா வந்து நின்றாள், இவர்கள் நேரம் முடிந்துவிட்டது. டீச்சர் அவளைப் பார்த்து, சற்றுப் பொறு என்று கையால் காட்டினார். இசக்கி பேசிக்கொண்டே இருந்தாள்.